வாஸா, மாலிங்கவா: வன்னிப் பெடியளுக்கு எந்தப் பந்துவீச்சைக் காட்டுவது?

இரணைமடுக்காரன் எழுதியது:

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பின்னேரங்களில் பெடியளுக்குக் கடினப்பந்து பழக்குகிறேன். வேகப்பந்து வீச வருகிற எவனைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: இலங்கை அணிக்கு வீசிய லசித் மாலிங்க. கையைப் பக்கவாட்டில் இறக்கிச் சுழற்றி எறிகிறார்கள். எப்போதாவது ஒன்று யோக்கராக, துடுப்பாட்டக்காரனின் காலடியில் விழுகிறது. மிச்சம் விக்கெட் காப்பாளரின் தலைக்கு மேலால் வேலிக்குப் போகிறது.

இந்த முறை இடதுகைக்காரன் ஒருவன் வந்திருக்கிறான். பெரிய உயரம் இல்லை, ஆனால் ஓடிவருகிற விதம் நல்ல அழகு. இலங்கையின் இடதுகை வேகப்பந்து வீச்சாளர் சமிந்த வாஸின் பழைய வீடியோக்களைப் போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சேர், இவரிட்ட ஸ்பீட் இல்லையே" என்றான். பக்கத்தில் நின்ற கூட்டம் சிரித்தது.

வாஸுக்கு 1994 முதல் 2009 வரை 111 டெஸ்டில் 355 விக்கெட். 322 ஒருநாள் ஆட்டத்தில் 400 விக்கெட். டெஸ்டை விட்டுப் போகும்போது, இடதுகை வேகப்பந்து வீச்சாளர்களில் அவருக்கு மேலே பாகிஸ்தானின் வசிம் அக்ரம் ஒருவர்தான் இருந்தார். இதில் நிறைய கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும் எடுத்தவை. அந்த மைதானங்கள் இரண்டாம் நாளிலேயே சுழற்பந்துக்காரன் கைக்குப் போய்விடும். நிலம் ஒன்றுமே தராத இடத்தில் ஒரு வேகப்பந்து வீச்சாளன் எப்படிப் பிழைப்பது என்று பழக வேண்டுமானால் வாஸைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் நிலமும் ஒன்றும் தராத நிலம்தான்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


மல்லாவிப் பெடியன் எழுதியது:

அண்ணை, 2007 உலகக் கிண்ணம், கயானா. தென்னாபிரிக்காவுக்கு வெல்ல வேண்டியது நாலே நாலு ஓட்டம், கையில் ஐந்து விக்கெட். மாலிங்க அடுத்தடுத்த நாலு பந்தில் நாலு விக்கெட். இதற்குப் பிறகும் கேள்வியா?


புள்ளிக்கணக்கு எழுதியது:

அந்த ஆட்டத்தில் தென்னாபிரிக்காதான் வென்றது. கடைசி விக்கெட் மட்டும் மிச்சம் இருக்கும்போது. அதையும் சேர்த்து எழுதுங்கோ தம்பி.


மல்லாவிப் பெடியன் எழுதியது:

வென்றது யார் என்று இப்போது எவருக்கு ஞாபகம்? நாலு பந்துதான் எல்லாருக்கும் ஞாபகம்.


கனகராயன் எழுதியது:

வாஸ் பெயரைக் கண்டதும் எழுத வந்தேன். 2001 டிசம்பர் 8, கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானம், சிம்பாப்வேயோடு ஒருநாள் ஆட்டம். அப்போது எங்கள் பக்கம் பொருளாதாரத் தடை. பற்றரிக்கட்டை தங்கத்துக்குச் சமம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் எடுத்துத்தான் ரேடியோ கேட்பது. சுற்றுகிறவன் களைத்தால் வர்ணனையும் இழுபடும். சிங்களமும் ஆங்கிலமும் மாறி மாறி வரும், பாதிதான் விளங்கும். ஆனால் "வாஸ்" என்ற சொல்லும் அதற்குப் பிறகு வருகிற கூச்சலும் விளங்காமல் போகுமா?

அன்றைக்குச் சுற்றுவதற்கு ஆள் மாற்றவே நேரம் கிடைக்கவில்லை. 15.4 ஓவரில் சிம்பாப்வே 38 ஓட்டத்துக்குச் சுருண்டது. வாஸ் 8 ஓவர், 19 ஓட்டம், 8 விக்கெட். நடுவில் ஒரு ஹெட்ரிக், அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட். முதல் எட்டுப் பேரும் அவருடைய ஆட்கள். கடைசி இரண்டையும் சுழற்பந்துக்காரர் முரளி வந்து எடுத்துவிட்டார். பத்தையும் வாஸ் எடுக்கட்டும் என்று ஒரு ஓவர் சும்மா போட்டிருக்கக் கூடாதா என்று என் தம்பி அன்றைக்கு முரளியோடு கோபம். முரளி தமிழன் என்பதுகூட அவனுக்குக் கணக்கில் வரவில்லை.

ஆண்கள் சர்வதேச ஒருநாள் ஆட்டத்தில் எட்டு விக்கெட்டை அதற்குப் பிறகு எவரும் எடுத்ததில்லை.


புள்ளிக்கணக்கு எழுதியது:

கனகராயன் அண்ணையின் கதை நல்லாயிருக்கு. ஆனால் எட்டு விக்கெட் அந்தக் காலத்துச் சிம்பாப்வேயிடம். 2003 உலகக் கிண்ணத்தில் முதல் மூன்று பந்தில் மூன்று விக்கெட் பங்களாதேஷிடம். எதிரணியைப் பார்க்காமல் விக்கெட்டை மட்டும் எண்ணுவது சரியில்லை.

வாஸின் டெஸ்ட் சராசரி, அதாவது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டம், 29.58. வசிம் அக்ரம் 23.62, அவுஸ்திரேலியாவின் மக்ரா 21.64. இடையில் பெரிய பள்ளம். போதாக்குறைக்கு மறுமுனையில் முரளி. ஒரு பக்கம் முரளி நெரிக்க, மறுபக்கம் ஓட்டம் தேடுகிற துடுப்பாட்டக்காரன் வாஸிடம் அவுட் ஆவான். வாஸ் நல்ல பந்துவீச்சாளர், மறுக்கவில்லை. மகா பெரியவர் வரிசையில் வைப்பது பாசத்தில் செய்கிற வேலை.


இரணைமடுக்காரன் எழுதியது:

புள்ளிக்கணக்கு, உங்கள் சராசரியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மக்ரா பந்து வீசியது எங்கே? பேர்த், பிரிஸ்பேன். புதுப்பந்தை நிலத்தில் குத்தினால் நெஞ்சுக்கு எழும்புகிற இடங்கள். வாஸுக்கு அந்த வாய்ப்பு வருடத்தில் எத்தனை முறை வந்தது? வந்த இடத்தில் என்ன செய்தார் என்று பாருங்கள். 1995 மார்ச், நேப்பியர். இலங்கை டெஸ்ட் ஆடத் தொடங்கி 13 வருடம் ஆகியும் வெளிநாட்டில் ஒரு வெற்றி இல்லை. வாஸுக்கு 21 வயது. நியூசிலாந்தை இரண்டு இன்னிங்சிலும் ஐந்து ஐந்தாகப் பிடுங்கினார், 90 ஓட்டத்துக்குப் 10 விக்கெட். இலங்கையின் முதல் வெளிநாட்டு டெஸ்ட் வெற்றி அதுதான். அதில் முரளியைப் பிரதான ஆளாக எவரும் சொல்வதில்லை.

எதிரணி கேட்டீர்கள். 2001 நவம்பர் இறுதி, எஸ்.எஸ்.சி., மேற்கிந்தியத் தீவுகள். லாரா அந்த ஒரு டெஸ்டில் 221, பிறகு 130. அந்தத் தொடரில் லாரா மூன்று டெஸ்டில் 688 ஓட்டம் குவித்தார். அப்படி ஒருவன் ஒரு பக்கம் நின்று அடிக்க, அதே டெஸ்டில் வாஸ் முதல் இன்னிங்சில் 7, இரண்டாவதில் 7. மொத்தம் 191க்கு 14. எஸ்.எஸ்.சி. என்பது துடுப்பாட்டக்காரனுக்கு மெத்தை விரித்த மாதிரி ஒரு மைதானம். அங்கே வேகப்பந்தில் 14. இலங்கை பத்து விக்கெட்டால் வென்றது.

முரளி விடயத்தையும் மற்றப் பக்கத்தால் பார்க்கலாம். இருவரும் சேர்ந்து ஆடிய டெஸ்டுகளில் 895 விக்கெட். மக்ராவும் வோர்னும் சேர்ந்து 1001. அங்கே கில்லெஸ்பி, பிரெட் லீ என்று துணைக்கு ஆள் இருந்தது. வாஸுக்குப் புதுப்பந்தின் மறுமுனையில் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. முரளியிடம் பந்து போவதற்கு முன் மேல்வரிசையில் ஒன்றிரண்டைக் கழற்றிக் கொடுத்தது யார்?


மடுவடி எழுதியது:

இடையில் ஒரு சின்னக் கதை. வாஸ் சின்ன வயதில் பாதிரியாராகப் போக நினைத்தவர். கிரிக்கெட் பிறகு வந்தது. கொழும்பு சென். ஜோசப் கல்லூரிப் பெடியன். முழுப் பெயரில் உசந்த ஜோசப் என்றும் வரும், முழுதாக எழுத ஒரு வரி போதாது. வத்தளைப் பக்கத்து ஆள். ஆவணி மாதம் மடு மாதா திருவிழாவுக்கு வத்தளை, நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து காட்டுக்குள் கொட்டில் போட்டுத் தங்கும். அந்தப் பெடியளோடு கோயில் வளவுக்குப் பின்னால் நாங்கள் மென்பந்து விளையாடியிருக்கிறோம். பாசை தெரியாது. "அவுட்" என்பதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை, ஆனால் "அவுட் இல்லை" என்று சண்டை பிடிக்கத் தேவைப்பட்டது.

வாஸ் அவுட் கேட்கும்போதும் பூசைக்கு வந்த ஆள் மாதிரித்தான் கேட்பார். இந்தக் காலத்து ஆட்கள் மாதிரி நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடமாட்டார்.


மல்லாவிப் பெடியன் எழுதியது:

சரி, இப்போது நானும் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். வாஸை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. கேள்வி வன்னிப் பெடியளுக்கு எது என்பதுதானே?

மாலிங்க எங்கேயிருந்து வந்தார்? காலிக்குப் பக்கத்தில் ரத்கம. கடற்கரை மணலில் ரெனிஸ் பந்து. கோச் இல்லை, வலை இல்லை, பிட்ச் இல்லை. மணலில் பந்து எழும்பாது, அதனால் காற்றிலேயே வேலையை முடிக்கப் பழகினார். கடினப்பந்தை ஒழுங்காகத் தொட்டதே பதின்ம வயதில். சம்பக்க ராமநாயக்க கண்டுபிடித்தபோது அந்தக் கையை மாற்றச் சொல்லவில்லை. கிரீசில் சப்பாத்தை வைத்து, அதற்கு எறியச் சொல்லித்தான் யோக்கர் பழக்கினார்கள். 2004இல் டார்வினில் முதல் டெஸ்ட், அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆறு விக்கெட். நடுவரின் சட்டைக்குள்ளிருந்து பந்து வருவதுபோல இருந்ததால் துடுப்பாட்டக்காரர்களுக்குப் பிடிபடவில்லை.

இப்போது எங்கள் பக்கத்தைப் பாருங்கள். மல்லாவியில், துணுக்காயில், ஒட்டுசுட்டானில் பெடியள் விளையாடுவது என்ன? மென்பந்து. எங்கே? கிறவல் தரையில், அறுவடை முடிந்த வயலில். பந்தை ஸ்விங் பண்ணத் தையல் எங்கே? நல்ல பிட்ச் எங்கே? யோக்கருக்கு நிலம் தேவையில்லை அண்ணை. காலடியில் விழுந்தால் கொழும்பிலும் விக்கெட், கொக்காவிலிலும் விக்கெட். அதனால்தான் பெடியள் மாலிங்கவைப் பிடிக்கிறார்கள். தலைமயிருக்காக மட்டும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் மாதுலன் என்ற பெடியன் அதே மாதிரிக் கையால் வீசி 19 வயதுக்குட்பட்ட இலங்கை அணிவரைக்கும் போனானே. நேரான கையோடு வடக்கிலிருந்து அந்தளவு பேசப்பட்டவன் யார், சொல்லுங்கோ பார்ப்பம்.


கனகராயன் எழுதியது:

தம்பி சொன்னதில் நியாயம் இருக்கு. யோக்கருக்கு நிலம் தேவையில்லை என்றது சரியான கதை.


முள்ளியவளை உடற்கல்வி எழுதியது:

நான் உடற்கல்வி ஆசிரியை. மல்லாவித் தம்பிக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். நிலம் தேவையில்லை, ஆனால் முழங்கால் தேவை.

மாலிங்க 2008 தொடக்கத்தில் முழங்கால் காயத்தோடு நீண்ட காலம் வெளியே இருந்தார். 2010இல் காலியில் முரளியின் கடைசி டெஸ்டுக்குத் திரும்பி வந்து ஆட்டநாயகன் ஆனார். அந்த டெஸ்டில் துடுப்பாலும் 64. எல்லாரும் முரளியின் 800ஆவது விக்கெட்டைப் பார்த்ததில் இது மறந்துபோனது. அடுத்த வருடம் ஏப்ரலில் உடம்பைக் காரணம் சொல்லி டெஸ்டை விட்டார். 30 டெஸ்ட், 101 விக்கெட், வயது 27. பிறகு 2014இல் தலைவராக நின்று இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை வென்று தந்தார், 2020வரை வீசினார். நாலு ஓவர், பத்து ஓவருக்குத் தாங்கிய உடம்பு ஒரு நாளைக்கு இருபது ஓவருக்குத் தாங்கவில்லை.

அவருக்கு நல்ல வைத்தியர், ஜிம், உடற்பயிற்சியாளர் எல்லாம் இருந்தும் இந்த நிலை. எங்கள் பிள்ளைகள்? காலையில் சாப்பிடாமல் வருகிறவன் இருக்கிறான். செருப்போடு பந்து வீசுகிறவன் இருக்கிறான். முன்கால் ஒவ்வொரு முறையும் நிலத்தில் இடிக்கும்போது உடம்பின் பாரத்தைப்போலப் பல மடங்கு அந்தக் காலில் இறங்கும். கிறவல் தரையில் சப்பாத்தில்லாமல் அதை வாங்கினால் முழங்காலுக்குப் போகும், முதுகுக்குப் போகும். வளருகிற வயதில் இடுப்பை ஒரு பக்கம் முறுக்கி எறிவதை நான் என் பிள்ளைகளுக்கு விடுவதில்லை. பின்முதுகு எலும்பில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு வந்தால் மாதக்கணக்கில் பந்தைத் தொட முடியாது.

யாரைப்போல வீசுகிறான் என்பதைவிட ஒரு நாளைக்கு எத்தனை ஓவர் வீசுகிறான் என்று பாருங்கள். நல்லாய் வீசுகிறான் என்பதற்காக ஒரே பிள்ளையிடம் இரண்டு பக்கமும் பந்தைக் கொடுக்கிற மாஸ்டர்மாரை நிறையக் கண்டிருக்கிறேன்.


பந்துத்தையல் எழுதியது:

மல்லாவித் தம்பி தையல் எங்கே என்று கேட்டதால் வந்தேன். வவுனியாவில் மட்டிங்கில், அதாவது விரித்த கயிற்றுப் பாயில், விளையாடி வளர்ந்தவன், இடதுகை மிதவேகம்.

வாஸின் பந்தை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஓவர் த விக்கெட்டில் வருவதால் பந்து வலதுகைக்காரனுக்குக் குறுக்கே, வெளியே போகிற கோட்டில்தான் கிளம்பும். தையல் லெக் ஸ்லிப் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கும், மினுக்கின பக்கம் வீசுகிறவனுக்கு இடப்பக்கம். விடலாம் என்று துடுப்பைத் தூக்கிய பிறகு கடைசிக் கொஞ்சத் தூரத்தில் உள்ளே திரும்பும். காற்காப்பில் படும், அல்லது துடுப்புக்கும் காலுக்கும் நடுவால் போகும். இது பந்து புதிதாக இருக்கும்வரை.

பந்து பழசானதும் அதே ஓட்டம், அதே கை, ஆனால் விடும்போது இரண்டு விரலும் பந்தின் இடப்பக்கத்தை வெட்டி இறங்கும். அது கட்டர். உள்ளே வரும் என்று காத்திருந்தவனுக்கு நிலத்தில் பட்டு வெளியே போகும். ஸ்லிப்பில் மஹேல நிற்பார்.

இப்போது கேளுங்கள்: கட்டர் புல்லுப் பிட்சைவிட மட்டிங்கில்தான் நன்றாகப் பிடிக்கும். கயிற்றுப் பாயில் பந்து கடித்துத் திரும்பும், எழும்பியும் வரும். எங்கள் பிரதேசத்தில் கடினப்பந்து விளையாடுகிற பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் சீமெந்தில் மட்டிங் விரித்துத்தான் ஆட்டம். ஆகவே நிலம் ஒன்றும் தராது என்ற கதை முழுச்சரி இல்லை. வாஸுக்குத் தந்ததைவிட எங்களுக்கு ஒரு விதத்தில் கூடத் தருகிறது. 140 கிலோமீற்றர் வேகமும் வேண்டாம். வாஸின் பிற்கால வேகம் 120களில்தான் நின்றது, அப்படியும் விக்கெட் விழுந்தது.

மென்பந்துக்கு இது சரிவராது என்பது உண்மை. ரெனிஸ் பந்துக்கு மாலிங்கதான்.


மல்லாவிப் பெடியன் எழுதியது:

அப்ப மென்பந்துக்கு நான் வென்றேன். எழுதி வையுங்கோ.


புதூரான் எழுதியது:

2007 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தை ஒருவரும் கதைக்கவில்லையே? வாஸ், மாலிங்க, முரளி மூவரும் ஒரே அணியில். அவுஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ற் 149 அடித்து எல்லாரையும் ஒரே மாதிரிச் சாத்தினார். ஜெனரேற்றரில் ரிவி போட்டுப் பார்த்தோம். அன்றிரவு கொழும்பில் பாதி ஆட்டத்தில் கரண்ட் போன கதையும் இருக்கு...


மட்டுறுத்துநர் எழுதியது:

கரண்ட் போன கதைக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே பந்து வீச்சு மட்டும். கில்கிறிஸ்ற்றைப் பற்றி எழுதலாம், தடையில்லை.


புள்ளிக்கணக்கு எழுதியது:

பந்துத்தையல் சொன்ன கட்டர் விளக்கம் அருமை. என் 29.58 இன்னும் அங்கேயேதான் நிற்கிறது, ஆனால் வாஸ் பக்கத்துக்கு நானே ஒரு புள்ளி தருகிறேன். 2003 பெப்ரவரி 14, பீற்றர்மரிட்ஸ்பேர்க். ஆட்டத்தின் முதல் மூன்று பந்தில் ஹெட்ரிக், ஐந்தாவது பந்தில் நாலாவது விக்கெட். எதிரணி பங்களாதேஷ் என்றாலும், ஆட்டத்தின் முதல் பந்திலேயே அப்படித் தையலை நிமிர்த்தி நேரே போட எல்லாராலும் முடியாது. முதல் பந்து வீசும்போது எந்தப் பந்துவீச்சாளனுக்கும் உடம்பு விறைத்துத்தான் இருக்கும். அந்த உலகக் கிண்ணத்தில் 23 விக்கெட், எல்லாரிலும் கூட. அரையிறுதிவரை அணியைக் கொண்டுபோனதில் பெரும் பங்கு அவருடையது.

2023 ஆசியக் கிண்ண இறுதியில் கொழும்பு கெத்தாராமவில் இந்தியாவின் சிராஜ் எங்களை 50க்குச் சுருட்டினாரே, அன்று ஐந்து விக்கெட்டை அவர் எடுத்தது 16 பந்தில். வாஸ் 2003இல் எடுத்ததும் அதே 16 பந்தில். சிராஜ் 21க்கு 6இல் நிறுத்தினார். அன்று ரிவிக்கு முன்னால் இருந்து, எட்டைத் தாண்டிவிடுவானோ என்று நான் பயந்தது உண்மை. எங்கள் அணி தோற்பது முடிவாகிவிட்டது. வாஸின் எட்டு விக்கெட் சாதனையாவது மிஞ்சட்டும் என்று இருந்தேன்.


கனகராயன் எழுதியது:

இப்படிப்பட்ட ஆள்தான் பாசத்தில் செய்கிற வேலை என்று எங்களுக்குச் சொன்னது!


மடுவடி எழுதியது:

வாஸின் துடுப்பையும் விடாதீர்கள். டெஸ்டில் 3089 ஓட்டம். 97ஆவது டெஸ்டில்தான் முதல் சதம், 2007இல், அதே எஸ்.எஸ்.சி.யில், பங்களாதேஷோடு. பந்து வீசுகிறவன் துடுப்பும் பிடித்தால்தான் பள்ளிக்கூட அணியில் இடம் நிலைக்கும். இடதுகைப் பெடியனுக்கு இதையும் சொல்லுங்கள்.


இரணைமடுக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் பந்துத்தையல் சொன்னபடி மட்டிங்கை ஈரம் காட்டி இறுக்கி ஆணி அடித்து, பழைய பந்து ஒன்றைக் கொடுத்துக் கட்டர் மட்டும் போடச் சொன்னேன். ஸ்பீட் இல்லையே என்று சொன்ன அதே பெடியன். முதலில் எல்லாம் காற்காப்புக்கு வெளியே போனது, விரலை இழுக்கும்போது கை விழுகிறது. பிறகு ஒன்று குட் லெங்தில் விழுந்து கடித்து வெளியே போக, எங்கள் முதல் நிலைத் துடுப்பாட்டக்காரன் தடவிவிட்டு நிலத்தைப் பார்த்தான். நிலத்தில் கல்லு கிடக்குதாம்.

உடற்கல்வி ரீச்சர் சொன்னதுக்காக அவனுக்கு ஒரு நாளைக்கு ஆறு ஓவருக்கு மேல் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தாயிற்று. மாலிங்கக் கூட்டத்துக்கும் தடை இல்லை. மென்பந்து நாளில் சப்பாத்து வைத்து யோக்கர், கடினப்பந்து நாளில் நேரான கை. அவர்களுக்கு இது பிடிக்கவில்லை, பார்ப்போம்.

இப்போது என் பிரச்சினை பந்து. கிறவலில் ஒரு இன்னிங்சுக்குள் ஒரு பக்கத் தோல் உரிந்துவிடுகிறது, மினுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. புதுப்பந்து வாங்கக் கட்டாது. வவுனியாக் கழகங்களில் ஆடி முடித்த பழைய பந்துகளை யாராவது சேர்த்துத் தர முடியுமா?


பந்துத்தையல் எழுதியது:

எங்கள் கழகத்தில் ஒரு உரப்பை நிறையக் கிடக்கிறது. தையல் நல்லாயிருப்பதைத் தெரிந்து வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சி பஸ்ஸில் நடத்துனரிடம் கொடுத்துவிடவா, நீங்கள் வருகிறீர்களா?


மல்லாவிப் பெடியன் எழுதியது:

தையல் போனதுகளை எறியாதேங்கோ அண்ணை. எங்களுக்கு யோக்கருக்குக் காணும், மல்லாவிக்கு அனுப்புங்கோ.